குற்றம் லினக்ஸினதோ?

தமிழ் பயிலும் மாணவன் கணினியின் உட்பொறிகளைப் பற்றி எழுதப் புகுதல் தகுமோ எனச் சிலர் வினவக்கூடும். சுவடியின்றிக் கல்வி நடவாத காலம் போய், கணினியின்றிக் கல்வி நடவாத காலம் வந்துவிட்டது. ஆதலின் இதனை எழுதத் துணிந்தேன்.

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கு வழங்கப்பெற்று வந்த வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. பழைய மடிக்கணினிகள் பலவற்றிற்கு விண்டோஸ் 11 வேண்டும் தகுதிகள் இல்லை. புதியது வாங்கும் ஆற்றலில்லாத மாணவர்க்கு எஞ்சிய வழி, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸே. ஆயின், அதனை நிறுவிய அன்றே, ‘வைஃபை வரவில்லை, ஒலி கேட்கவில்லை, லினக்ஸ் நமக்கு உதவாது’ என்று கைவிடுவோர் நம்மிடையே உளர். அக்குற்றச்சாட்டு நேரியதன்று என்பதே என் கருத்து.

யானும் ஒருகால் அங்ஙனமே கூறினேன். சென்ற விடுமுறையில், புதுச்சத்திரத்திலுள்ள எங்கள் இல்லத்தில், என் தந்தையார் வாங்கித் தந்த பழைய மடிக்கணினியில் டெபியன் என்னும் லினக்ஸை நிறுவினேன். திரை ஒளிர்ந்தது, விசைப்பலகை பணிந்தது, வைஃபை மட்டும் வந்திலது. மீண்டும் மீண்டும் நிறுவி இரண்டு இரவுகளை வீணாக்கினேன். பிணி இன்னதென அறியாது மருந்தை மாற்றி மாற்றி உண்பவன் நிலையே என் நிலையும் ஆயிற்று.

மூன்றாம் நாள் அமைதியாக அமர்ந்து மூன்று வினாக்களை எழுப்பினேன். முதலாவது, கணினி அக்கருவியைக் காண்கின்றதா? எல்.எஸ்.பி.சி.ஐ. என்னும் கட்டளை, உள்ளே பொருத்திய கருவிகளின் பெயர்களைப் பட்டியலாகத் தரும். இரண்டாவது, அதற்குரிய இயக்கி ஏற்றப்பெற்றுள்ளதா? அக்கட்டளையோடு ஒரு சிறு கோடும் கே என்னும் ஆங்கில எழுத்தும் சேர்த்தால், ஒவ்வொரு கருவியின் கீழும் அதனை நடத்தும் இயக்கியின் பெயர் தோன்றும்; தோன்றாவிடின் இயக்கி இல்லை என்பது வெளிப்படை. மூன்றாவது, அச்சில்லினுள் ஏற்ற வேண்டிய நிலைப்பொருள் கிடைத்ததா? டி.எம்.இ.எஸ்.ஜி. என்னும் கட்டளை, கருனி எழுதி வைத்த குறிப்புகளைக் காட்டும்.

என் கருவியில் சில்லும் இருந்தது, இயக்கியும் இருந்தது, நிலைப்பொருள் மட்டும் இல்லை. அதனைப் பிறர் பகிர்ந்தளிக்க உரிமையாளர் இசைவு தந்திலர். ஆதலின் அதனை இணையத்தினின்றே பெறல் வேண்டும். இணையம் பெறவோ அச்சில்லே வேண்டும்! கிணற்றில் வீழ்ந்த கயிற்றை எடுக்க அக்கயிறே வேண்டியவாறு போலாயிற்று. இறுதியில் கைப்பேசியைக் கம்பியால் கணினியோடு பிணைத்து, அதன் வழியே இணையம் பெற்று, நிலைப்பொருளை நிறுவினேன். கணினியை மீண்டும் இயக்கியபோது வைஃபை வந்தது.

குற்றம் யாருடையது? எங்கள் நாமக்கல் பக்கத்து வழக்கில் கூறுவேன். சேசிஸ் என்னும் அடிச்சட்டம் தொழிற்சாலையினின்று வருகின்றது. அதன்மேல் நம்மூர்ப் பட்டறையில் லாரிக்குப் பாடி கட்டுகின்றனர். சட்டத்தின் நீள அகலத்தைக் கண்ணாற் கண்டு கையால் அளக்க இயலுமாதலின், அவ்வேலை செவ்வனே முடிகின்றது. அச்சட்டத்தை மூடி முத்திரையிட்டு, அளவும் கூறோம் என்று தொழிற்சாலை சொன்னால், எந்தப் பட்டறையார் பாடி கட்டுவர்? கட்டியது பொருந்தாவிடின் அவரைப் பழித்தல் முறையாகுமா? லினக்ஸுக்கு இயக்கி எழுதுவோர் பலகாலும் எய்திய நிலை இதுவே.

இத்துன்பம் நேற்றுத் தோன்றியதன்று. 1980-ஐ ஒட்டி அமெரிக்க நாட்டு எம்.ஐ.டி.யில் பணிபுரிந்த ரிச்சர்டு ஸ்டால்மன், ஜெராக்ஸ் நிறுவனம் அளித்த லேசர் அச்சுப்பொறியின் மென்பொருளைத் திருத்த விரும்பினார்; அதன் மூலநிரல் அவருக்குக் கிட்டவில்லை. அக்குறையும் உள்ளத்தை உறுத்த, 1983-இல் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருனியை வெளியிட்டார். அவரே 2012-இல் என்விடியா நிறுவனம் ஒத்துழைக்கவில்லை என வெளிப்படையாகக் கடிந்தார்; அந்நிறுவனம் 2022-இல் தன் கருனி இயக்கிகளின் மூலநிரலைத் திறந்து வெளியிட்டது. கதவு அடைபட்டே கிடக்கும் என்பதில்லை.

‘பாடம் படிக்க வேண்டிய மாணவன் இரண்டு இரவுகளை இதில் கழித்தல் நன்றோ?’ எனின், நன்றன்று. அதனாலன்றோ, இச்சுமை மாணவன் தலையில் வீழலாகாது என்கின்றேன். கருவியை வாங்கும்போதே அதனை இறக்கி வைத்தல் இயலும். தனியொரு மாணவன் கேட்டால் உற்பத்தியாளர் செவிசாயார். ஆயிரக்கணக்கில் வாங்குவோர் கேட்டால் செவிசாய்ப்பர். 2011-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு, சென்னை சி-டாக் நிறுவனத்தார் டெபியனை அடிப்படையாகக் கொண்டு அமைத்த பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. 2025 மார்ச்சில் வெளியான நிதிநிலை அறிக்கை, இரண்டாண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்க்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்றது. இத்தகைய கொள்முதலில், உள்ளிருக்கும் ஒவ்வொரு சில்லுக்கும் திறந்த இயக்கியும், பகிர்ந்தளிக்கத்தக்க நிலைப்பொருளும் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நம் கல்லூரியும் ஆய்வுக்கூடத்திற்குக் கணினி வாங்குங்கால் அவ்வரியைச் சேர்த்தல் நலம்.

மாணவ நண்பர்காள்! நிறுவுவதற்கு முன் லினக்ஸை யு.எஸ்.பி. குச்சியினின்றே இயக்கி, வைஃபையும் ஒலியும் வருகின்றனவா என்று பாருங்கள். வாராவிடின், மேற்கூறிய மூன்று வினாக்களையும் முறையே கேளுங்கள். விடை கண்ட பின்னரும் குறை கூற வேண்டுமாயின் கூறுங்கள்; ஆனால் உரியவரை நோக்கிக் கூறுங்கள். காரணம் அறியாது பழித்தல் கற்றார்க்கு அழகன்று.