செத்தவருக்கு ஒத்திகை உண்டு, எண்ணூருக்கு?

கிரையோனிக்ஸ் என்று ஒரு நம்பிக்கை. செத்த உடலை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்தால், வருங்கால மருத்துவம் எழுப்பிவிடுமாம். 1967இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பெட்ஃபோர்டை வைத்து ஆரம்பித்தார்கள். இதுவரை ஒருத்தரும் எழுந்து வரவில்லை. ஆனால் அவர்களுடைய தயார்நிலையைப் பார்த்தால் எனக்குப் பொறாமை. உறுப்பினர் சாகப்போகிறார் என்று தெரிந்தால், ஐஸோடு ஒரு குழு போய்ப் பக்கத்தில் காத்திருக்கும்.

எண்ணூர்க்காரர்களுக்கு உயிரோடு இருக்கும்போதே அது இல்லை. 2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா வரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம் சனங்களை எழுப்பியது நாத்தம்தான். கண் எரிய, மூச்சு முட்ட, பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க.

எந்தப் பக்கம் ஓடணும்? காற்றுக்குக் குறுக்கே. மூக்கில் ஈரத்துணி, ஏன்னா அமோனியா தண்ணியில கரையும். இந்த ரெண்டு வரியை முன்கூட்டியே அக்கம்பக்கத்துக்குச் சொல்வது தொழிற்சாலையின் கடமை. வருஷம் ஒருமுறை வெளியே ஒத்திகை நடத்தவைப்பது அதிகாரிகளின் கடமை. போபாலுக்கு ஐந்து வருஷம் கழித்து, 1989இல் வந்த அபாயகர ரசாயன விதிகளில் ரெண்டுமே இருக்கு.

நான் சாஃப்ட்வேர் ஆள். சர்வர் விழுந்தால் யார் யாரைக் கூப்பிடணும் என்று நாங்களே ஒத்திகை பார்ப்போம். விழுந்தால் போவது சில மணி நேர வியாபாரம்.

கேட்டுக்குள்ளே ஒத்திகை நடந்ததற்கு யாராவது ஃபைல் நீட்டலாம். அமோனியா கேட்டைப் பார்த்து நிற்காது சார். ஒத்திகை பெரியகுப்பத்துத் தெருவில், ராத்திரி பதினொன்றரைக்கு நடக்கட்டும். எந்தச் சைரன் ஷிப்ட்டுக்கு, எது ஓடுவதற்கு என்று ஆறாங்கிளாஸ் பிள்ளை சொல்லணும்.