ரத்தாகாத முத்திரை

கம்ப்யூட்டருக்குக் கர்னலே சர்க்கார். அதனுள் அமர்ந்து உத்தியோகம் பார்ப்பவை டிரைவர்கள். டெல் கம்பெனியார் 2009 முதல் பயாஸைப் புதுப்பிப்பதற்கென அனுப்பிவந்த ஒரு டிரைவர், கேட்பவன் யாரென்று விசாரியாமல் சாதாரண உபயோகஸ்தனின் உத்தரவையும் கர்னலின் அதிகாரத்தோடு நிறைவேற்றி வந்தது 2021 மே மாதத்தில் அம்பலமாயிற்று. 12 வருஷம்! காவற்காரன் தூங்கினான் என்றுகூடச் சொல்வதற்கில்லை. விழித்திருந்தே கதவைத் திறந்துவிட்டான்.

கம்பெனியார் திருத்தம் வெளியிட்டனர். அது போதுமென்று நாம் கருதவில்லை. திருத்தம் பழைய டிரைவரை அகற்றும். அதன்மீதிருந்த கையெழுத்தோ அப்போது ரத்துச் செய்யப்படவில்லை. யந்திரத்தில் எப்படியோ நிர்வாகியாகிவிட்ட திருடன் அதே டிரைவரைத் தானே கொண்டுவந்து நிறுவினால், விண்டோஸ் முத்திரையைப் பார்த்து வழிவிடும். அவ்வருஷத்து இலையுதிர் காலத்திலேயே நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடத்திய தாக்குதல்களில் லாஸரஸ் கும்பல் இதைக் கையாண்டு, காவல் புரோகிராம்களின் கண்ணைக் கட்டியது. ஆகாத டிரைவர்களைத் தடுக்கும் ஜாபிதாவை மைக்ரோசாப்ட் எல்லா யந்திரங்களிலும் தானாக அமலாகும்படி செய்ததோ, விண்டோஸ் 11-இன் 2022-ம் வருஷப் புதுப்பிப்பில்தான்.

ஏஜெண்டின் முக்தியார் பத்திரத்தை ரத்துச் செய்கிற முதலாளி அதை ஊரறியச் செய்யாவிடில், அறியாதவரிடம் அந்த ஏஜெண்ட் செய்யும் காரியம் முதலாளியையே கட்டுப்படுத்தும். டிரைவருக்கு முத்திரையிடும் கம்பெனிகளுக்கும் அந்தப் பொறுப்பைச் சட்டமாக்க வேண்டுமென்பதே நமது அபிப்பிராயம்.