பிரெஞ்சுச் சிறையிலிருந்து அமெரிக்கக் கப்பல் வரை

தேச விடுதலைக்காக ஜெயிலுக்குப் போனவர் என்றால் நம் ஜனங்களுக்கு அவர் மேல் தனி மதிப்பு உண்டு. அது நியாயமான மதிப்புதான். ஆனால் ஒரு தடவை ஜெயிலுக்குப் போய் வந்ததைச் சொல்லியே ஒருவர் ஆயுள் முழுவதும் ஜனங்களின் நம்பிக்கையைக் கேட்கலாமா? லெபனான் நாட்டு வக்கீல் காமில் ஷமூனின் கதையைத் தோழர்கள் இந்தக் கேள்வியோடு படிக்க வேண்டும்.

மத்தியதரைக் கடலோரத்தில் உள்ள சின்ன நாடு லெபனான். முதல் உலக யுத்தத்துக்குப் பின் பிரான்ஸ் அதைத் தன் பிடியில் வைத்துக்கொண்டது. 1900ல் பிறந்த ஷமூன், பெய்ரூட்டில் பிரெஞ்சுக்காரர்களின் சட்டக் கல்லூரியில் படித்து வக்கீலானார். 1934ல் பார்லிமெண்டுக்குள் நுழைந்தார். 1943ல் மந்திரியானார். அந்த வருஷம் நவம்பர் 8ந் தேதி, பிரெஞ்சு ஆதிக்கத்துக்கு இடம் தந்த ஷரத்துகளை லெபனான் பார்லிமெண்ட் அரசியல் சட்டத்திலிருந்து நீக்கியது. 11ந் தேதி ஜனாதிபதி, பிரதம மந்திரி, ஷமூன் முதலிய மந்திரிகள் ஆகியோரைப் பிரெஞ்சு அதிகாரிகள் பிடித்து ரஷாயா கோட்டையில் அடைத்தார்கள். நாடு கொதித்தது. கடைகள் மூடப்பட்டன, ஜனங்கள் வீதியில் திரண்டார்கள். பிரான்ஸ் காலி செய்யும் இடத்தில் உட்காரலாம் என்று கணக்குப் போட்ட பிரிட்டனும் நெருக்கியது. 22ந் தேதி தலைவர்கள் வெளியே வந்தார்கள்.

விடுதலை வந்தது. யாருக்கு வந்தது? ஜனாதிபதி மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சன்னி முஸ்லிம், சபாநாயகர் ஷியா முஸ்லிம், பார்லிமெண்டில் 6 கிறிஸ்தவருக்கு 5 முஸ்லிம் என்று மேலிடத்தார் பங்கு பிரித்துக்கொண்டார்கள். மதத்தின் பேரால் பிரித்த பாகம் இது. ஆனால் பங்காளிகளைப் பார்த்தால் எல்லா மதத்திலும் நிலப்பிரபு, பெரிய வியாபாரி, பாங்கிக்காரர், அவர்களுடைய வக்கீல்! 1946ல் பெய்ரூட் புகையிலைக் கம்பெனித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சுதந்திர லெபனானின் போலீஸ் துப்பாக்கியைத் தூக்கியது. வர்தா புத்ரோஸ் என்ற தொழிலாளிப் பெண் குண்டுக்குப் பலியானார். ஷமூன் அப்போது லண்டனில் ஸ்தானிகர். பிறகு ஐ.நா. சபையில் லெபனானின் பிரதிநிதியானார்.

1952ல் ஊழலில் முழுகிய ஜனாதிபதியை எதிர்த்து நாடே கிளம்பியது. கமால் ஜும்பிளாத் போன்ற சோஷலிஸ்டுகளின் தோளில் ஏறி ஷமூன் ஜனாதிபதியானார். ஏறியபின் தோள் கொடுத்தவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

1956ல் அவர் ஆட்சியில் பாங்கி ரகசியச் சட்டம் வந்தது. கணக்கு யாருடையது, எவ்வளவு பணம் என்று கேட்கக் கூடாது! அரபு நாடுகளின் எண்ணெய்ப் பணம் பெய்ரூட் பாங்கிகளில் குவிந்தது. அதே வருஷம் எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியது; பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் அதன் மேல் பாய்ந்தன. பிரிட்டன், பிரான்ஸ் உறவைத் துண்டி என்று பிரதம மந்திரி அப்துல்லா யாஃபி கேட்டார். ஷமூன் மறுத்தார், யாஃபி ராஜினாமா செய்தார். எந்த பிரான்ஸ்? பதின்மூன்று வருஷத்துக்கு முன் தன்னைக் கோட்டையில் பூட்டிய அதே பிரான்ஸ்!

1957ல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர், கம்யூனிசத்தைத் தடுக்கப் பணமும் பட்டாளமும் தருகிறேன் என்று மேற்காசிய நாடுகளுக்கு வலை விரித்தார். ஷமூன் தானே போய் விழுந்தார். அந்த வருஷத் தேர்தலில் ஜும்பிளாத், யாஃபி, சாயிப் சலாம் ஆகிய எதிர்க்கட்சித் தலைவர்கள் எல்லாரும் தோற்கடிக்கப்பட்டார்கள். எப்படி? அமெரிக்க உளவு இலாகாவுக்கு வேலை பார்த்த ஈவ்லண்ட் என்பவர், பணப்பெட்டியைத் தன் காரிலேயே ஜனாதிபதி மாளிகைக்குக் கொண்டுபோனதாக 1980ல் வெளியிட்ட புத்தகத்தில் எழுதிவிட்டார். நாம் சொன்னால் பிரசாரம் என்பார்கள், கொடுத்தவனே சொன்னால்?

ஷமூன் சட்டத்தைத் திருத்தி மறுபடியும் ஜனாதிபதியாகப் பார்க்கிறார் என்ற சந்தேகம் பரவியது. 1958 மே 8ந் தேதி அவரை எதிர்த்து எழுதிவந்த பத்திரிகாசிரியர் நசீப் மத்னி சுட்டுக் கொல்லப்பட்டார். கலகம் வெடித்தது. வெளியார் தூண்டுதல் என்று ஷமூன் ஐ.நா. சபைக்குப் புகார் செய்தார். அங்கிருந்து வந்த பார்வையாளர் குழுவின் மூவரில் ஒருவர் இந்தியாவின் ராஜேஷ்வர் தயாள். பெருவாரியாக வெளியார் நுழைந்ததற்குச் சான்றில்லை, ஆயுதம் ஏந்தியவர்களில் பெரும்பாலோர் லெபனான்காரர்களே என்று குழு அறிக்கை கொடுத்தது. ஷமூனின் சொந்தப் படைத் தளபதி ஷிஹாபும் ஜனங்கள் மேல் படையை ஏவ மறுத்தார்.

ஜூலை 14ந் தேதி பக்கத்து ஈராக்கில் மன்னராட்சி கவிழ்ந்தது. ஷமூன் அமெரிக்காவைக் கூப்பிட்டார். மறுநாளே பெய்ரூட் கடற்கரையில் அமெரிக்கச் சிப்பாய்கள் இறங்கினார்கள். குளிக்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மொத்தம் சுமார் 14,000 பேர் வந்தார்கள்.

ஷமூன் மாறிவிட்டார் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்பவில்லை. 1943லும் 1958லும் அவர் காத்தது ஒன்றுதான்: தன் வர்க்கத்தின் நாற்காலி. அன்று அதற்குப் பிரெஞ்சுக்காரன் இடைஞ்சல். பின்னால் சொந்த ஜனங்களே இடைஞ்சல்.

நாற்காலி அப்போதும் தங்கவில்லை. ஜூலை 31ந் தேதி ஷிஹாப் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்டோபரில் அமெரிக்கப் பட்டாளம் கப்பலேறியது. பின்னர் 1975ல் மூண்ட உள்நாட்டு யுத்தத்தில் ஷமூன் கட்சிக்குப் 'புலிகள்' என்ற தனிப்படை இருந்தது. 1976ல் பாலஸ்தீன அகதிகளின் தல் அல்ஸாதர் முகாமை முற்றுகையிட்டு அழித்தவர்களில் அதுவும் உண்டு. 1980 ஜூலையில் அதே கிறிஸ்தவ அணியைச் சேர்ந்த பஷீர் ஜெமாயலின் ஆட்கள் அந்தப் புலிகளையே ஸஃப்ராவில் வெட்டிச் சாய்த்தார்கள்.

1984ல் நிதி மந்திரியான ஷமூன், அந்தப் பதவியிலேயே 1987 ஆகஸ்டில் இறந்தார். யுத்தத்துக்கு முன் ஒரு டாலருக்கு 3 லிராகூட இல்லை. அவர் இறந்த வருஷம் முடிவதற்குள் 400 லிராவைத் தாண்டியது. கூலிக்காரன் கையில் சம்பளம் வெறும் காகிதமாயிற்று. அந்த நவம்பரில் தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் செய்தன. துப்பாக்கிகள் பிரித்து வைத்திருந்த கிழக்கு பெய்ரூட்டிலும் மேற்கு பெய்ரூட்டிலும், கிறிஸ்தவத் தொழிலாளியும் முஸ்லிம் தொழிலாளியும் ஒரே நாளில் வேலையை நிறுத்தினார்கள்.