வண்டி வருமுன் நாம் செய்ய வேண்டியது

வரி என்றாலே முகம் சுளிப்பது நம் இயல்பு. ஆனால், மக்களே வாக்களித்துத் தங்கள் மீது விதித்துக்கொண்ட வரி ஒன்று, அமெரிக்காவில் சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுண்ட்டியில் உண்டு. நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு அது.

1970-ல் டாக்டர் லியோனார்ட் காப், தீயணைப்புத் துறைத் தலைவர் கார்டன் விக்கரி இருவரும் அங்கே 'மெடிக் ஒன்' சேவையைத் தொடங்கினர். தீயணைப்பு வீரர்களுக்கே இதயச் சிகிச்சைப் பயிற்சி கொடுத்து, மின் அதிர்ச்சிக் கருவியுடன் வண்டியில் அனுப்பினர். ஆஸ்பத்திரியே நோயாளியைத் தேடிச் சென்றது. மத்திய அரசின் மானியம் நின்றபோது பொதுமக்கள் நன்கொடை திரட்டிச் சேவையைக் காப்பாற்றினர். 1979-ல் கவுண்ட்டி முழுவதற்கும் சொத்து வரியில் ஒரு சிறு தொகையை இதற்கென்றே ஒதுக்க வாக்காளர்கள் சம்மதித்தனர்.

அந்த வரி நிரந்தரமல்ல. பெரும்பாலும் 6 ஆண்டு; பிறகு மீண்டும் மக்களிடமே கேட்க வேண்டும். 1997-ல் தேவையான 60 சதவீத வாக்கு கிடைக்காமல் தோற்றது. 1998-ல் மறுபடி கேட்டுப் பெற்றார்கள். ஐந்தொகை காட்டிப் பங்காளியிடம் முதல் கேட்பது போலத்தான் இது. இப்படிக் கேட்டால் நாமும் கொடுக்கத் தயங்க மாட்டோம்.

பணத்தைவிடப் பெரிய முதலீடு ஆள்பலம். 1970-களின் தொடக்கத்திலேயே சாதாரண மக்களுக்கு நெஞ்சழுத்திச் சுவாசமூட்டும் முதலுதவியைக் கற்றுக்கொடுத்தார்கள். பின்னர், உதவி கேட்டுப் போன் செய்பவருக்கு அந்தப் போனிலேயே செய்முறை சொல்லும் வழக்கமும் வந்தது. பலன் என்ன? பிறர் கண்முன் சாய்ந்து, மின் அதிர்ச்சியால் சீராக்கக்கூடிய வகையில் இதயம் நின்றவர்களில், 2013-ல் 100-க்கு 62 பேர் பிழைத்தனர்.

இதயம் நின்றபின் முதலுதவி இல்லாத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நமக்கும் 2008 முதல் 108 இருக்கிறது. ஆனால் லாரியும் தள்ளுவண்டியும் அடைத்து நிற்கும் மண்டித் தெருவில் எந்த வண்டியும் பறந்து வராது. அதுவரை பக்கத்தில் இருப்பவன் கைதான் மருந்து. மார்பின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்த வேண்டும். மூட்டை தூக்கும் தம்பிகளுக்கு இது கடினமா?

ஒவ்வொரு கிளைச் சங்கமும் ஒரு மாதக் கூட்டத்தை இந்தப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். கல்லாவில் அமர்பவர் முதல் எடை போடும் பையன் வரை கற்கட்டும். கடைமுன் நீட்டிய சரக்கை உள்ளே இழுத்து, வண்டிக்கு வழிவிடுவோம். இதற்கு எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.