வாட்ஸ் கேட்காதீர்கள், கெயின் கேளுங்கள்!

ஆடி மாதம் வந்துவிட்டால் காஞ்சிபுரத்தில் அம்மன் கோயில்களில் கூழ் வார்த்தல், கூடவே மைக் செட். முன்பு அதற்குக் கனமான ஆம்ப்ளிஃபையர் வேண்டும். இப்போது உள்ளங்கை அளவு போர்டு போதும். கடையில் 'டிஜிட்டல் ஆம்ப்' என்று கேட்டால் கிடைக்கும் கிளாஸ் டி வகை. மின்சாரத்தை வெப்பமாக வீணாக்காமல் சுமார் 90 சதவீதம் வரை ஸ்பீக்கருக்கே கொடுத்துவிடும். விலையும் குறைவு.

நல்ல விஷயம்தானே? ஆமாம். ஆனால் வாங்குகிறவர் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" என்று மட்டும்தான். கேட்க வேண்டியது வேறு.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிபிஏ 3116 சிப்பை எடுத்துக்கொள்வோம். இதில் கெயின் நாலே நாலு அளவு: 20, 26, 32, 36 டெசிபல். எது என்பதை போர்டில் உள்ள இரண்டு ரெசிஸ்டர்கள் தீர்மானிக்கும். 20 என்றால் உள்ளே வரும் வோல்டேஜ் 10 மடங்காகும். 36 என்றால் 63 மடங்கு. 1 வோல்ட் உள்ளே போனால் 63 வோல்ட் வெளியே வர வேண்டும். சப்ளையோ 24 வோல்ட்தான்! மிச்சம் எங்கே போகும்? அலையின் தலை வெட்டுப்படும். காதைக் கிழிக்கும் 'கரகர' அதுதான். ட்வீட்டர் எரிந்துபோக அதுவும் ஒரு காரணம்.

இதே சிப்பில் பவர் லிமிட் என்று ஒரு பின் உண்டு. அதற்குக் கொடுக்கும் வோல்டேஜைப் பொறுத்து வெளியே வரும் சக்திக்கு ஓர் உச்சவரம்பு வைக்கலாம். பிறகு வால்யூம் குமிழை யார் எவ்வளவு திருகினாலும் அதைத் தாண்டாது. வரம்பே வேண்டாம் என்றும் இணைத்துவிடலாம். ஆக, தெருவில் எவ்வளவு சத்தம் என்பதை விழா நாளில் குமிழ் திருகுகிறவருக்கு முன்பே, போர்டு பூட்டியவர் முடிவு செய்துவிடுகிறார்.

இதில் யாருக்கு நஷ்டம்? பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்குள்ளேயே குழித்தறி. தறியைத் தூக்கிக்கொண்டு வேறு தெருவுக்கா போக முடியும்? கோர்வைப் புடவைக்குத் தறியில் துணைக்கு ஒரு ஆளும் வேண்டும். பக்கத்தில் இருப்பவர் சொல்வது கேட்காத சத்தத்தில் இரண்டு பேர் எப்படிச் சேர்ந்து நெய்வது? பொருளியல் பாடத்தில் இதற்குப் பெயர் 'புறவிளைவு': லாபம் ஒருவருக்கு, செலவு சம்பந்தமே இல்லாத இன்னொருவருக்கு.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால் அந்த இடத்தின் எல்லையில் கூடுதலாக 10 வரைதான் போகலாம். போலீஸ் வந்து குறைக்கச் சொல்லும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? ரெசிஸ்டர் மாற்ற ஆகும் செலவு ஒரு டீக்குக்கூட வராதே!

"சத்தம் குறைந்தால் தெருக்கோடிக்குக் கேட்காது" என்பார்கள். நியாயமான கேள்வி. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். அதனால்தான் ஒரே பெட்டியை அலறவிட்டால் முன்னால் இருப்பவர் காது போகிறது, கடைசி ஆளுக்கு வார்த்தை புரிவதில்லை. தெரு நீளத்துக்கு நாலு சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 20 டெசிபல் கெயின், லிமிட் போட்டு... எல்லோருக்கும் பாட்டு தெளிவாகக் கேட்கும். விலை குறைந்த சிப்பின் உண்மையான லாபம் இதுதான்.

அடுத்த முறை மைக் செட் பேசும்போது விழாக் குழு இந்த ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: "அண்ணே, லிமிட் வச்சிருக்கீங்களா?" அம்மனுக்குக் காது நன்றாகவே கேட்கும்!