துயரத்தின் நடுவே ஒரு சிரிப்பு

மரண வீட்டிலே, எட்டுச் செலவு முடியுமுன்பே, யாரோ சொன்ன வேடிக்கைக்குச் சிரித்துவிட்டு, மறுகணமே நாணித் தலைகுனிந்தவர் நம்மில் பலர். அவ்வாறு சிரித்தது குற்றமா? இவ்வினாவை எழுப்பும் திரைக்கதைகள் இரண்டை இவ்வாரம் வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகின்றோம். இரண்டிலும் கற்பனை மாந்தர், மெய்யாகவே வெளிவந்த டிஸ்னி கார்ட்டூன் படமொன்றைப் பார்த்துச் சிரிக்கின்றனர்.

முதலாவது, அல்பிரட் ஹிச்கொக் இங்கிலாந்தில் எடுத்த 'சபொட்டாஜ்'; 1936இல் வெளிவந்தது. இதற்கு மூலமான, ஜோசப் கொன்ராட்டின் 1907ஆம் ஆண்டு நாவலிலே வெர்லொக் ஒரு சிறு கடைக்காரன். ஹிச்கொக்கோ அவனை லண்டன் படமாளிகை ஒன்றின் சொந்தக்காரன் ஆக்கினார். நாசகாரரின் கையாளான அவன், மனைவியின் தம்பியிடம் வெடிகுண்டொன்றைக் கொடுத்தனுப்புகிறான். வழியிலே, பஸ் வண்டிக்குள் குண்டு வெடித்துச் சிறுவன் மாள்கிறான்.

செய்தியறிந்த தமக்கை, செய்வதறியாது படமாளிகைக்குள் வந்து அமர்கிறாள். திரையிலே ஓடுவது, 'கொக் றொபினைக் கொன்றது யார்?' என்னும் 1935ஆம் ஆண்டுக் கார்ட்டூன். பறவைகளின் கூத்தைக் கண்டு, சுற்றியிருப்போருடன் அவளும் தன்னை மறந்து சிரிக்கிறாள். அடுத்த கணம் அம்பொன்று பாய்கிறது, பறவை வீழ்கிறது. அவள் சிரிப்பு முகத்திலேயே உறைந்துபோகிறது. அந்தக் கார்ட்டூனின் முடிவிலே பறவை உயிரோடு எழும். அவள் தம்பியோ எழப்போவதில்லை.

இரண்டாவது, அமெரிக்கரான பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் 1941இல் அளித்த 'சலிவனின் பயணங்கள்'. சலிவன் நகைச்சுவைப் படங்களால் பெயர் பெற்ற நெறியாளன். ஏழைகளின் இன்னலைக் காட்டும் படமே உயர்ந்ததெனக் கருதி, அவ்வின்னலை அறியப் பரதேசி வேடம் பூண்டு புறப்படுகிறான். விதிவசத்தால் கைதியாகிக் கடுந்தொழில் முகாமில் அடைபடுகிறான். ஓரிரவு, காலில் விலங்கோடு கைதிகள் கறுப்பின மக்களின் எளிய தேவாலயம் ஒன்றுக்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர். அங்கே 'விளையாட்டுப் புளூட்டோ' என்னும் 1934ஆம் ஆண்டுக் கார்ட்டூன் காட்டப்படுகிறது. ஈ பிடிக்கும் பசைத்தாளில் அகப்பட்ட நாய், ஓரிடத்திலிருந்து அதனை இழுத்தால் அது மற்றோரிடத்தில் ஒட்டிக்கொள்கிறது. கைதிகள் விழுந்து விழுந்து சிரிக்கின்றனர். தானும் சிரிப்பதை உணர்ந்து சலிவன் திகைக்கிறான். விடுதலையானபின், மக்களைச் சிரிக்கவைக்கும் படங்களையே எடுப்பதென முடிவு செய்கிறான்.

அந்தச் சிரிப்பு சிறைக்கதவைத் திறக்கவில்லை. தமக்கையின் துயரையும் துடைக்கவில்லை. ஆயினும் அதனை வீணென்று நாம் கருதோம். நம் முன்னோர் தெருவோரங்களிலே சுமைதாங்கிக் கற்களை நட்டனர். வழிப்போக்கன் சுமையை அதன்மீது இறக்கிச் சற்று மூச்சு வாங்குவான். பின்னர் அதே சுமையைத் தலையிலேற்றி நடப்பான். சுமை குறையவில்லையே என்று எவரும் கல்லைப் பழித்ததில்லை.

மாணவர்களுக்கு ஒன்று கூறுவோம். கதைக்குள் மற்றொரு படமோ பாட்டோ வரும்போது, பொழுதுபோக்கென்று தள்ளிவிடாது, பாத்திரத்தின் நெஞ்சில் அது எதனைத் தொடுகிறது என்று கேளுங்கள். பெற்றோர்க்கும் ஒன்று: துயருற்ற வீட்டிலே ஒரு பிள்ளை சிரித்தால் அதட்டாதீர்கள். அது தன் சுமையைச் சற்றே இறக்கி வைத்திருக்கிறது.