ஒருத்தருக்கு ஒரு கார்டு

மார்கழி பிறந்துட்டா எனக்கு ஒரு வியாதி வந்துடும். ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து பொங்கல் வாழ்த்து டிசைன் பண்ற வியாதி. "இந்த வருஷம் கரும்பு எந்தப் பக்கம் சாயுது?"ன்னு வீட்டுல கிண்டல் பண்ணுவாங்க. பண்ணட்டும்.

முதல்லயே சொல்லிடறேன், நான் டிசைனர் கிடையாது. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். பென்சில் எடுத்து மாடு வரைஞ்சா அது நாயா கழுதையான்னு பட்டிமன்றம் வைக்கணும். அப்படிப்பட்டவனையும் நாலு பேர் "நீயா செஞ்சே?"ன்னு கேட்கிற மாதிரி பண்ணினது கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும்தான். ரெண்டுமே இலவசம். கிம்ப் 1990களின் நடுவில் ரெண்டு கல்லூரி மாணவர்கள் ஆரம்பிச்சது. இங்க்ஸ்கேப் 2003-ல் வேறொரு மென்பொருளிலிருந்து கிளை பிரிஞ்சு வந்தது. போட்டோவை வெட்டி ஒட்ட முன்னது, கோடு, கோலம், எழுத்துக்குப் பின்னது. இதுதான் என் பாகப்பிரிவினை.

இத்தனை வருஷம் இதைச் செஞ்சதுல எனக்குன்னு ஒரு கருத்து உருவாகியிருக்கு. வீட்டுல கார்டு செய்யறவங்க, ஒரே டிசைனை நாற்பது பேருக்கு அனுப்பக் கூடாது. ஒருத்தருக்கு ஒரு கார்டு. முடியலைன்னா அஞ்சு பேருக்கு மட்டும் அனுப்புங்க, போதும். இதை நான் புத்தகம் படிச்சுச் சொல்லலை. வாங்கிக் கட்டிக்கிட்டுச் சொல்றேன்.

கொஞ்சம் பின்னாடி போவோம். என் சின்ன வயசுல ஜனவரி பிறந்ததும் தெருவுக்குத் தெரு வாழ்த்து அட்டைக் கடை முளைச்சுடும். கயிறு கட்டி, கிளிப் போட்டு வரிசையா தொங்கவிட்டிருப்பாங்க. எம்.ஜி.ஆர்., சிவாஜி, ரஜினி, கமல், பிள்ளையார், லட்சுமி, உழவன், ரெண்டு மாடு, பொங்கிவழியற பானை. பெரும்பாலும் சிவகாசி அச்சு. எங்க அத்தை வீட்டு மாமா விருதுநகர்ல இருந்தார். அந்தக் கடையில அவர் ஒரு மணி நேரம் நிப்பார்னு அத்தை சொல்வாங்க. எங்க வீட்டுல மூணு பிள்ளைங்க. மூணு பேருக்கும் தனித்தனிக் கவர், தனித்தனிக் கார்டு. எனக்கு ரஜினி, அக்காவுக்குப் பூ, தம்பிக்கு யானை. தம்பிக்கு யானை பிடிக்கும்னு எங்க அப்பாவுக்கே தெரியாது, மாமாவுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. உள்ளே அச்சடிச்ச வரிக்குக் கீழே மசிப்பேனாவில் ரெண்டு வரி எழுதியிருப்பார். பெயருக்கு முன்னாடி 'சிரஞ்சீவி' கட்டாயம் உண்டு.

சரி, இப்ப என் கதைக்கு வரேன்.

முதல் வருஷம் நான் பண்ணினது பெரிய கூத்து. ஏ4 தாளை நாலா மடிச்சா கார்டு ஆயிடும், ஒரு பக்கம் மட்டும் அச்சடிச்சா போதும்னு கண்டுபிடிச்சேன். அட்டைப்படம் கீழே வலது பக்கம் வரணும், பின்பக்கம் கீழே இடது பக்கம். மேல் பாதியில உள்பக்கம், அதைத் தலைகீழா வைக்கணும். நான் நேரா வெச்சுட்டேன். கார்டைத் திறந்தவங்க எல்லாம் வாழ்த்தைச் சிரசாசனத்துல படிச்சாங்க :-)

அப்புறம் ஒவ்வொண்ணா அடிபட்டுக் கத்துக்கிட்டேன். திரையில பளபளன்னு இருக்கிற கிளிப்பச்சை, தாளுக்கு வந்ததும் வாடின கீரை மாதிரி ஆயிடும். திரை வெளிச்சத்தால நிறம் காட்டுது, தாள் மசியால காட்டுது, ரெண்டும் ஒண்ணாகாது. அதனால முதல்ல ஒரு மூலையை மட்டும் அச்சடிச்சுப் பார்த்துடணும். வாட்ஸ்அப்ல வந்த போட்டோ செல்போன்ல அழகா இருக்கும், அச்சுல மங்கலா வரும். முழு ஏ4-க்கு 300 டிபிஐ வேணும்னா 2480-க்கு 3508 புள்ளி வேணும். வாட்ஸ்அப் போட்டோவைச் சுருக்கித்தான் அனுப்பும். மூலப் படத்தைக் கேட்டு வாங்குங்க. மடிக்கிறதுக்கு முன்னாடி, மசி தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேல் வெச்சு அழுத்தி ஒரு கோடு இழுத்துட்டா மடிப்பு உடையாது. 200 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒண்ணு பன்னிரண்டரை கிராம் வரும். அஞ்சாறு கிராம் கவர் சேர்த்தாலும் 20 கிராமுக்குள்ள அடங்கிடும், ஸ்டாம்ப் செலவு ஏறாது. (கணக்கு எழுதறவன் புத்தி.)

தமிழ் எழுத்து தனிக் கதை. பழைய மென்பொருள்ல 'பொங்கல்'னு யூனிகோடுல அடிச்சா, ஒற்றைக்கொம்பு 'ப'வுக்குப் பின்னாடி போய் நின்னு நம்மளைப் பார்த்து முழிக்கும். இப்ப கிம்ப், இங்க்ஸ்கேப் ரெண்டிலும் அந்தத் தொல்லை இல்லை. பாலூ தம்பி, கேட்டமரான், மீரா இனிமைன்னு நல்ல எழுத்துருக்கள் இலவசமாவே கிடைக்குது. ஆக, இன்னிக்கு வீட்டுல நல்ல கார்டு செய்ய முடியாததுக்கு எந்தச் சாக்கும் கிடையாது.

கை பழகிட்டா ஆசை பெருகும் இல்லையா? எனக்கும் பெருகுச்சு. முகவரி எல்லாத்தையும் ஒரு எக்ஸெல் ஷீட்ல ஏத்தினேன். நாற்பது பெயர். மெயில் மெர்ஜ் போட்டு, "அன்புள்ள ___ அவர்களுக்கு"ங்கிற இடத்துல ஒவ்வொரு பெயரா தானாவே விழற மாதிரி பண்ணிட்டேன். உள்ளே வாழ்த்தும் அச்சு, கீழே என் கையெழுத்தும் ஸ்கேன் பண்ணி ஒட்டினது. ஒரு ராத்திரியில நாற்பதும் ரெடி. என்னை நானே மெச்சிக்கிட்டேன்.

2018 ஐப்பசியில மாமா தவறிட்டார். நான் போனேன். காரியம் முடியற வரைக்கும் இருந்துட்டுத்தான் திரும்பினேன்.

2019 பொங்கலுக்கு வழக்கம்போல நாற்பது கார்டு போச்சு. அதுல ஒண்ணு விருதுநகருக்கு. "அன்புள்ள மாமா, அத்தை அவர்களுக்கு, இல்லமெங்கும் மகிழ்ச்சி பொங்கட்டும்."

எனக்குத் தெரியும், அந்த ஷீட்டுக்குத் தெரியாது. வருஷம் திரும்பாத வீட்டுக்கு வாழ்த்து அனுப்புவாங்களா யாராவது? அந்த வீட்டுல அந்த வருஷம் பானையே வைக்கலை. அங்கே போய் நிக்குது என் கார்டு, போனவர் பெயரைத் தாங்கிக்கிட்டு.

வழக்கமா கார்டு கிடைச்ச அன்னிக்கே அத்தை போன் பண்ணுவாங்க. அந்தத் தடவை வரலை. எனக்கு அப்பவும் உறைக்கலை. காணும் பொங்கலன்னிக்கு நானே போன் பண்ணி, "கார்டு வந்துச்சா அத்தை?"ன்னு கேட்டேன். "வந்துச்சுப்பா. கலர் நல்லா இருந்துச்சு. மாமா பேரும் போட்டிருந்தே"ன்னாங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறம் குழந்தைங்க படிப்பை விசாரிச்சாங்க. திட்டியிருந்தா தேவலை.

இது வெறும் மறதிதானே, பட்டியலைத் திருத்தியிருந்தா சரியாப் போயிருக்குமேன்னு நீங்க கேட்கலாம். நானும் முதல்ல அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கிட்டேன். யோசிச்சுப் பார்த்தா, அது இல்லை விஷயம். அந்த நாற்பது கார்டு செஞ்சப்ப நான் ஒருத்தரைப் பத்திக்கூட ஒரு நிமிஷம் நினைக்கலை. மஞ்சள் சரியா விழுதா, ஓரம் வெட்டுப்படுதான்னுதான் நினைச்சேன். அத்தையை நினைச்சிருந்தா, மாமா ஞாபகம் வராம இருக்குமா? அந்தத் தப்பு மத்த முப்பத்தொன்பதிலும் இருந்துச்சு. அங்கே யாருக்கும் தெரியலை, அவ்வளவுதான்.

வேடிக்கை என்னன்னா, கிறிஸ்துமஸ் அட்டைங்கிற சமாச்சாரமே இப்படித்தான் பிறந்தது. 1843-ல் லண்டன்ல ஹென்றி கோல்னு ஒருத்தர். கிறிஸ்துமஸுக்கு எல்லாருக்கும் கடிதம் எழுத நேரம் இல்லை. ஜான் கால்காட் ஹார்ஸ்லிங்கிற ஓவியர்கிட்ட ஒரு படம் வரையச் சொல்லி, ஆயிரம் பிரதி அச்சடிச்சார். விலைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டைன்னு அதைத்தான் சொல்றாங்க. ஆனா அவசரத்துக்குப் பிறந்த அந்த அட்டையில கூட, யாருக்கு, யாரிடமிருந்துங்கிற ரெண்டு இடத்தையும் காலியா விட்டிருந்தாங்க, கையால நிரப்ப. நான் அதையும் மிஷின்கிட்ட கொடுத்துட்டேன்.

சிவகாசிக்காரங்களைக் குறை சொல்ல முடியாது. ஆஃப்செட்ல ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தகடு செய்யணும். அந்தச் செலவு ஆயிரக்கணக்குல அடிச்சாத்தான் கட்டுப்படியாகும். ஒரே ஒரு கார்டு அடிச்சுக் கொடுங்கன்னா சிரிப்பாங்க. வீட்டு பிரிண்டருக்கோ ஒண்ணும் நாற்பதும் ஒரே கணக்கு, ஒண்ணுக்கு ஒரு தாள். அச்சகத்தால முடியாத, நம்மால மட்டும் முடியற வேலை அந்த 'ஒரே ஒரு கார்டு'தான். அதை விட்டுட்டு வீட்டுக்குள்ளேயே ஒரு குட்டி அச்சகம் நடத்தறதுல என்ன பிரயோஜனம்? நாற்பது பேருக்கு ஒரே படம்னா கடையில வாங்கிடலாமே, நம்மளைவிட நல்லாவே அடிச்சிருப்பாங்க.

"அப்படின்னா கையாலயே வரைஞ்சுடலாமே, மென்பொருள் எதுக்கு?"ன்னு என் நண்பன் கேட்டான். மாடு வரையற லட்சணத்தைத்தான் மேலயே சொல்லிட்டேனே. தவிர, ஒருத்தருக்குச் சொந்தமான ஒண்ணை எடுத்து அவருக்கே திருப்பிக் கொடுக்க மென்பொருள் மாதிரி வசதி வேற இல்லை. பழைய போட்டோவுல கிழிசலைச் சரி பண்ணலாம். பாட்டி எழுதின சமையல் குறிப்பை ஸ்கேன் பண்ணலாம். குழந்தையோட கிறுக்கலைக் கோடு மாத்தாம பெரிசாக்கலாம். கை சுத்தமா இருக்கிற ஓவியருக்கே இதெல்லாம் சிரமம்.

2020 பொங்கலுக்கு அத்தைக்குத் தனியா ஒரு கார்டு செஞ்சேன். வருஷம் திரும்பியாச்சான்னு இந்தத் தடவை அம்மாகிட்ட கேட்டுக்கிட்டேன். அத்தைகிட்ட ஒரு கோல நோட்டு உண்டு, கல்யாணத்துக்கு முன்னாடியே எழுத ஆரம்பிச்சது. அத்தை பையன்கிட்ட சொல்லி, அதுல ஒரு பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். சிக்குக் கோலம், 12 புள்ளி, 12 வரிசை. இங்க்ஸ்கேப்ல கால்வாசி மட்டும் வரைஞ்சேன். அதை நகல் எடுத்து 90 டிகிரி திருப்பி மூணு தடவை ஒட்டினா முழுக் கோலம். காவி நிறத்துல வெள்ளைக் கோடு. வேற கரும்பு கிடையாது, பானை கிடையாது. உள்ளே ஒரு எழுத்துகூட அச்சடிக்கலை. பேனா எடுத்தேன். என்ன எழுதறதுன்னு தெரியாம அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அந்த ரஜினி கார்டு பத்தியும், தம்பியோட யானை பத்தியும் எட்டு வரி எழுதினேன். கோணல்மாணலாத்தான் வந்துச்சு. கார்டு செய்யற வேலையில அந்த அரை மணி நேரம்தான் நான் அதுவரைக்கும் செய்யாம இருந்தது.

பத்து நாள் கழிச்சு அத்தைகிட்டேருந்து ஒரு போஸ்ட் கார்டு. பெயருக்கு முன்னாடி 'சிரஞ்சீவி'. அந்த வழக்கத்தை இப்ப அத்தை எடுத்துக்கிட்டாங்க போல. கார்டை சாமி மாடத்துல வெச்சிருக்காங்களாம். அப்புறம் இப்படி எழுதியிருந்தாங்க: "கோலத்துல ஒரு புள்ளிக்குச் சுத்துக் கம்பி போடாம விட்டிருக்கே. நாலு பக்கமும் அதே தப்பு. அடுத்த தடவை வரும்போது உட்காரவெச்சுச் சொல்லித் தரேன்."

எடுத்துப் பார்த்தேன். ஆமா. கால்வாசியில ஒரு தப்பு பண்ணியிருக்கேன், அதை நகல் எடுத்து நாலாக்கியிருக்கேன்!

இப்பல்லாம் வருஷத்துக்கு ஆறேழு கார்டுதான் செய்யறேன். மத்தவங்களுக்குப் போன்ல வாழ்த்துச் சொல்லிடறது, யாரும் கோவிச்சுக்கலை. நீங்களும் இந்த மார்கழியில மென்பொருளைத் திறக்கிறதுக்கு முன்னாடி யாருக்குன்னு ஒரு பெயரை மட்டும் தாள்ல எழுதி வெச்சுக்குங்க. ரெண்டு பேர் பெயர் எழுதினா ரெண்டு டிசைன். உள்பக்கத்தைக் காலியா விடுங்க. அப்புறம், தலைகீழா வைக்க மறந்துடாதீங்க :-)